பெயர் போட்ட புத்தகம்

என் கணவரைப் பற்றி இப்போது பலரும் எழுதுகிறார்கள். போராட்டக் காலத்தின் மனசாட்சி என்று ஒருவர் எழுதியிருந்தார். சாதியை மீறிய கலைஞன் என்று இன்னொருவர். இவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டில் ஒருவேளை சோறு தின்றவர்கள் இல்லை. அவருடைய கட்டுரைகளுக்குப் பிழை பார்த்தவள், அவரை விட்டுவிட்டு மலையேறியவள், பிறகு அவர் வந்தபோது கதவைத் திறந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். யாருடைய பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. பெயர்கள் அவருடைய புத்தகத்தில் இருக்கின்றன. வேண்டுமென்கிறவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருவரும் ஒரே ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம். கரும்பும் நெல்லும் விளைகிற ஊர். ஒரே ஊர் என்பது பேச்சுக்குத்தான். அவர் ஊர்த்தெரு, நான் காலனி. நடுவில் ஒரு வாய்க்கால். எங்கள் தாத்தா காலத்திலேயே நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டதால் காலனியில் ஓடு வேய்ந்த சின்ன மாதா கோவில் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் கூரை.

கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, கள்ளக்குறிச்சியில் மிஷன் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியின் வினாத்தாள் அச்சடிக்க நான் போனபோது, ‘டீச்சர், எட்டாம் வகுப்புக் கேள்வியில சந்திப்பிழ இருக்குது. பசங்களுக்கு மார்க்கு கொறைக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கொறைக்கணும்’ என்றார். அதுதான் எங்களுடைய முதல் பேச்சு. கடைசிவரை வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அப்போதே அவர் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றிய கதைகள். கரும்புச் சோகை கிழித்த கைகள், ஆலை வாசலில் வண்டியோடு காத்துக்கிடக்கிற ஆட்கள். சிறு பத்திரிகைகளில் வந்தன. முதலில் இடதுசாரிச் சங்கம் ஒன்றில் இருந்தார். அங்கே கூலியைப் பற்றிப் பேசினார்கள், சாதியைப் பற்றிப் பேசவில்லை என்று வெளியே வந்தார். பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. அவருடைய அப்பா, பிள்ளை செத்துப்போனதாகச் சொல்லித் தலைமுழுகினார். தம்பி ஒருவன் மட்டும் ஊருக்குத் தெரியாமல் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவான். என்னிடம் பேசமாட்டான். நான் கொடுக்கும் தண்ணீரையும் குடிக்கமாட்டான்.

எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு யாரும் வீடு கொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில்தான் கிடைத்தது. மூட்டை தூக்குகிறவர்களும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் இருந்த சந்து. அங்கே யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியதும் அவர் சாதிச் சங்கத்தில் சேர்ந்தார். நான் சண்டை போடவில்லை. அவர் சாதியில் பெரும்பாலானவர்கள் கூலிக்காரர்கள், சின்னக் குத்தகைக்காரர்கள். பிற்படுத்தப்பட்டோரின் பெரிய பட்டியலில் எல்லோரோடும் சேர்த்து வைத்திருந்ததால், ஏற்கெனவே படித்திருந்த சாதிக்காரர்கள் இடங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் பங்கைத் தனியாகக் கொடு என்று கேட்டார்கள். அது நியாயம். இன்றைக்கும் நியாயம் என்றுதான் சொல்வேன். நான் கசந்துபோய் எழுதுகிறேன் என்பதற்காக நியாயம் அநியாயமாகிவிடாது.

எதற்காகப் பங்கு கேட்கிறோம் என்று அவர் ஒரு சின்ன நூல் எழுதினார். நீண்ட வாக்கியங்களை நான்தான் வெட்டினேன். எங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவோம், அவளுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்றேன். அம்மா கணவனை இழந்தவள். நடவுக்கும் களைக்கும் கரும்புக்கும் போய் என்னை வளர்த்தவள். மருமகனை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள். ஊர்த்தெருப் பிள்ளையை மாப்பிள்ளை என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வரவில்லை.

அவர் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: ‘இதுல எங்களுக்கும் பங்கு வருமா சார்?’

‘உங்களுக்குத்தான் ஏற்கெனவே தனியா இருக்குதேம்மா.’

‘எங்க இருக்குது? வேதக்காரங்களுக்குக் கெடையாதுன்னு தாலுக்கா ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்களே.’

அவர் என்னைப் பார்த்தார். அம்மா சொன்னது உண்மை. நான் காலனியில் பிறந்தேன், ஊர் டீக்கடையில் தனிக் கிளாசில் குடித்தேன். ஆனால் ஞானஸ்நானம் வாங்கியதால் அரசாங்கக் கணக்கில் நான் தாழ்த்தப்பட்டவள் இல்லை, பிற்படுத்தப்பட்டவள். டீக்கடைக்காரர் மட்டும் அந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை. ‘அதையும் ஒருநாள் எழுதணும்’ என்றார் அவர். எழுதவில்லை.

அந்த நூல் கிராமம் கிராமமாகப் போனது. எழுத்துத் தெரிந்தவன் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மேடையில் பேசுகிறவர்கள் அவருடைய வரிகளைத் தங்களுடையது போலச் சொல்லிக் கைத்தட்டு வாங்கினார்கள். சங்கத்துக்கு ஒரு வக்கீல் இருந்தார். நன்றாகப் பேசுவார், நன்றாகச் சிரிப்பார். ஒரு கூட்டத்தில் எங்கள் இருவரையும் மேடையில் ஏற்றி மாலை போட்டு, ‘காலனிப் பொண்ணக் கட்டிக்கினவருதான் எங்க எழுத்தாளர். எங்களப் போயி சாதி வெறியங்கன்னு சொல்றானுங்க!’ என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். சந்தையில் மாட்டைப் பல்பிடித்துக் காட்டுவதுபோல இருந்தது எனக்கு. இவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வெட்கத்தில் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாலை மறியல் வந்தது. சாலையோரத்துப் புளிய மரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அவர் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே லாரிகள் கண்ணுக்கெட்டின தூரம் நிற்பதாகச் சொன்னார்கள். சில இடங்களில் போலீஸ் சுட்டது. அவருடைய நூலை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்த பையன் ஒருவனும் அதில் செத்தான்.

அந்த நாட்களில் ஒரு மதியம், காலனிப் பையன் ஒருவன் எங்கள் சந்துக்குள் ஓடிவந்தான். ‘அக்கா, காலனிய கொளுத்திட்டாங்க’ என்றான். நான் நடந்தே போனேன். சாய்ந்துகிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கிப் போனேன். பச்சைப் புளியங்காய்கள் கிளையோடு வாடிக்கிடந்தன.

காலனியில் கோவில் மட்டும் நின்றது. சுவர்கள் கறுத்து, கூரை இல்லாமல், வரிசையாக வீடுகள். அம்மா கோவில் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குண்டான். அதை ஏன் எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

‘நெறமாசப் பொண்ண வண்டியில வெச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போனாங்க. ரோட்டுல மரம். நம்ம ஆளுங்க நாலு பேரு மரத்த இழுத்துப் போட்டு வண்டிக்கு வழி பண்ணாங்க. அவ்ளோதான்டி. எங்க மரத்த நகத்தறதுக்கு நீங்க யாருடான்னு வந்துட்டானுங்க.’

மரம் அரசாங்கத்தினுடையது. சாலையும் அப்படித்தான். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆண்கள் எல்லாம் கரும்புக் காட்டில் பதுங்கியிருந்தார்கள்.

‘யாரும்மா வந்தது?’

‘யாருன்னா? எல்லாம் நான் பாத்து வளந்த பசங்கதான். ஒவ்வொருத்தன் பேரும் சொல்றேன், கேட்டுக்க.’ சொன்னாள். வரிசையாகச் சொன்னாள். கடைசியில் கொஞ்சம் தயங்கினாள். ‘உன் கொழுந்தன் கையில சீமெண்ண டின்னு இருந்துச்சி. அவன் சின்னதா இருக்கசொல்ல, வரப்புல துணி விரிச்சி தூங்க வெச்சிட்டு அவங்கம்மாவும் நானும் களை எடுத்திருக்கறோம். கண்ணால பாத்தேன்டி.’

அவருக்குச் செய்தி போய், தலையில் கட்டோடு வந்து சேர்ந்தார். சாலையில் போலீஸ் அடித்த அடி. காலனி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. அம்மாதான் எழுந்தாள்.

‘வாங்க சார். உக்கார எடமில்ல.’

அவர் நின்றபடியே அழுதார். அம்மா தம்பியின் பெயரைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ஊர்த்தெருவுக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தம்பி எதையும் ஒளிக்கவில்லையாம். ‘ஆமாண்ணா, செஞ்சோம். நம்ம பசங்க சாவறாங்க, இவனுங்களுக்கு வண்டி ஓட்டணுமா?’ என்றானாம்.

‘இத எழுதுவீங்களா சார்?’ என்று அம்மா கேட்டாள். ‘எங்க பேச்ச யாரும் கேக்கமாட்டாங்க. நீங்க எழுதினா உங்க ஜனங்க படிப்பாங்க.’

‘எழுதறேம்மா’ என்றார்.

அந்த வாரமே வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கருணாபுரத்துச் சந்துக்குள் அவருடைய கார் நுழையாது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் கொடுத்த காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பினார்.

‘எழுதப் போறேன்னு கேள்விப்பட்டேன். தாராளமா எழுது. கண்டிச்சே எழுது. நம்ம பத்திரிகையிலயே போடறேன். ஆனா பேரு எதுக்கு? தெரு எதுக்கு?’

‘நடந்தது நடந்ததுதானே?’

‘இல்லன்னு யாரு சொன்னா? துப்பாக்கிச் சூட்டுல நம்ம புள்ளைங்க போயி இன்னும் மண்ணு காயல. இப்பப் போயி நம்மாளுங்கதான் கொளுத்தினாங்கன்னு நாமளே எழுதினா, நாளைக்குக் கோட்டையில எவன் நம்மள கூப்பிட்டுப் பேசுவான்? இவ்ளோ வருசம் கஷ்டப்பட்டதெல்லாம் உன் ஒரு கட்டுரையில போயிடும். அதான் உனக்கு வேணுமா?’

வக்கீல் என்னிடம் திரும்பி, ‘டீச்சர், உங்கம்மா வூட்டுக்கு மூங்கிலு, ஓலை எல்லாம் என் பொறுப்பு’ என்றார்.

‘காலனி மொத்தத்துக்குமா?’ என்று கேட்டேன்.

சிரித்தார். நன்றாகச் சிரிப்பார் என்று முன்பே சொன்னேனே.

கட்டுரை வந்தது. வழக்கம்போல அச்சுக்குப் போவதற்கு முன் நான்தான் பிழை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. உருக்கமாக இருந்தது. எரிந்த கூரைகளின் சாம்பலைப் பற்றி, குண்டானோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைப் பற்றி எழுதியிருந்தார். இரு பக்கமும் உழைக்கும் மக்களே என்று எழுதியிருந்தார். ‘அறப்போராட்டத்தில் ஊடுருவிய சமூக விரோதிகள் சிலர்’ செய்த கொடுமை இது என்று முடித்திருந்தார்.

‘யாருங்க இந்தச் சமூக விரோதிங்க?’ என்று கேட்டேன்.

‘இப்போதைக்கு இவ்ளோதான் முடியும் டீச்சர்.’

இப்போதைக்கு. படித்தவர்கள் கண்டுபிடித்த சொற்களிலேயே இதுதான் வசதியானது. ஒரு விஷயத்தைச் செய்யாமலும் இருக்கலாம், மறுக்காமலும் இருக்கலாம். அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பத்திரிகை வந்த பிறகு ஊருக்கு எடுத்துப்போய், கோவில் முற்றத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் நிழலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அம்மா கவனமாகக் கேட்டாள். குண்டான் வந்த இடத்தில் தலையாட்டினாள். முடிந்ததும், ‘சமூக விரோதின்னா யாருடி? நம்மூர்ல அப்படி யாரும் இல்லியே. வெளியூர்க்காரங்கள சொல்றாரா?’ என்றாள்.

நான் பத்திரிகையை மடித்தேன்.

‘தம்பி பேர எழுதலியா?’

‘எழுதல.’

அம்மா, ‘சரி வுடு. கூடப் பொறந்தவனாச்சே’ என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நான் அவரோடு இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் அவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை என்று அம்மா ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டாள். என் கல்யாணத்தைப் பற்றி அதற்கு முன் யாரும் என்னிடம் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் மிஷன் நடத்திய ஒரு பள்ளி ஆசிரியர் இல்லாமல் கிடந்தது. யாரும் போகமாட்டார்கள். எங்கள் தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய் நான் போகிறேன் என்றேன். ‘மலைக்கா? ஏன்மா, நீ என்ன தப்பு பண்ணின?’ என்று கேட்டார்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. ‘எத்தன நாளைக்கு டீச்சர்?’ என்று மட்டும் கேட்டார். ‘இப்போதைக்கு’ என்றேன்.

மலையில் எனக்குக் கஷ்டம் அதிகமில்லை. விடுதியில் ஓர் அறை. சாமையும் மரவள்ளியும் விளைகிற ஊர்கள். கடுக்காய் பொறுக்கும் பருவத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். மழை பிடித்தால் பஸ் வராது. கீழே நடப்பது எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

தெரிய வேண்டியது எப்படியும் வந்து சேர்ந்தது. கொளுத்தியவர்கள் மேல் போட்ட வழக்கில் ஊர்த்தெருவிலிருந்து ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. கொளுத்தியவர்களுக்கு ஆஜரானது சங்கத்து வக்கீல். காலனிச் சாட்சிகள் ஒவ்வொருவராக, இருட்டாக இருந்தது, புகையில் தெரியவில்லை என்றார்கள். நட்ட நடு மதியத்தில் எரிந்த காலனி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடிந்தால் அந்தத் தெருக்காரர்களின் நிலத்தில்தான் வேலை.

அப்புறம் பங்கு கிடைத்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கள்ளக்குறிச்சியில் தெருவெல்லாம் வெடிக் காகிதம் சிதறிக் கிடந்ததாம். சங்கம் கட்சியாக மாறியது. இவர் அதற்கும் எழுதினார். கொள்கை விளக்கம், தீர்மானம், தலைவர்களின் உரை எல்லாம் இவர் கைதான்.

மழைக்காலத்தில் ஒரு மதிய பஸ்ஸில் அவர் மலைக்கு வந்து இறங்கினார். தோளில் ஒரு துணிப்பை. இளைத்துப் போயிருந்தார். விடுதி வாசலில் நின்று, ‘கட்சிய வுட்டுட்டேன் டீச்சர்’ என்றார்.

‘ஏன்?’

‘தீர்மானத்துல ஒரு வரி சேத்தேன். காலனி எரிஞ்சதுக்கு வருத்தம் தெரிவிக்கிறோம்னு. வக்கீல் பேனாவ எடுத்து அடிச்சிட்டாரு. ஒரு வரிதான் டீச்சர். அதுக்குக்கூட அவங்களுக்கு மனசு வரல.’

‘அவங்க ஒரு வரிய அடிச்சதுக்கு நீங்க கோவிச்சிக்கினு வந்துட்டீங்க. நீங்க அடிச்சதுக்கு எங்கம்மா எங்க போவா?’

மழையில் நனைந்துகொண்டே நின்றார். உள்ளே வாங்க என்றேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.

மலையில் அவர் வேறு மனிதராக இருந்தார். காலையில் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மலைக்காரர்களுக்குச் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொடுப்பார். பழங்குடி என்று காகிதம் வாங்க அவர்கள் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். மற்ற நேரமெல்லாம் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டு அவரே என்னிடம் கொடுத்தார்.

அந்த மதியத்தைப் பற்றியது. கதை இல்லை. யார் மரத்தை வெட்டினார்கள், யார் வண்டியை மறித்தார்கள், யார் டின்னைத் தூக்கினார்கள், யார் வீட்டிலிருந்து அந்த எண்ணெய் வந்தது, எல்லாம் பெயரோடு இருந்தது. தம்பியின் பெயர் இருந்தது. வக்கீல் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு பேசியது இருந்தது. சமூக விரோதிகள் என்று எழுதியது நான், அது பொய், எனக்குத் தெரிந்தே எழுதிய பொய் என்றும் இருந்தது. அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. உருக்கமே இல்லை. படித்து முடித்துவிட்டு, ‘அச்சுக்குக் குடுங்க’ என்றேன்.

கள்ளக்குறிச்சியில் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அவர் வேலை பார்த்த அச்சகமே முடியாது என்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஆத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவர் ஒப்புக்கொண்டார். மரவள்ளி ஏற்றி வந்த ஜீப்பில் புத்தகக் கட்டுகள் மலையேறின.

முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு அவரே ஊருக்குப் போனார். நான் வேண்டாம் என்றேன். ‘தம்பிகிட்ட நான்தான் குடுக்கணும்’ என்றார். கரும்புக் காட்டில் போய்க் கொடுத்தார். தம்பி அங்கேயே நின்று படித்தானாம். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயர் வந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, ‘அண்ணா, இத எழுதினதால எவன் வூடு திரும்பி வரப்போவுது?’ என்று கேட்டானாம்.

அவன் அடிக்கவில்லை. மற்றவர்கள் அடித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் மறித்து, புத்தகக் கட்டைப் பிரித்துக் கொளுத்தி, அவரை நெஞ்சிலும் விலாவிலும் மிதித்தார்கள். காலனி ஆட்கள்தான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குச் சாலையில் மரம் எதுவும் கிடக்கவில்லை.

அவர் மலைக்குத் திரும்பிப் படுக்கையில் கிடந்தபோது காலனிப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் பஸ் ஏறி வந்தார்கள். அம்மாவும் வந்தாள். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தேங்காயும் வாழைப்பழமும் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார்.

‘சார், அந்தப் புஸ்தகத்த இதோட நிறுத்திக்குங்க. தெருக்காரங்களும் நாங்களும் ராஜியாயிட்டோம். கூரைக்கு மூங்கிலு அவங்கதான் குடுத்தாங்க. இப்பதான் வேலைக்குக் கூப்புடறாங்க. நாங்கதான் உங்களுக்குப் பேரெல்லாம் சொல்லிக் குடுத்தோம்னு நெனைக்கறாங்க. திரும்பவும் கேஸு, கோர்ட்டுன்னா எங்களால முடியாது.’

அவர் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அவள் ஒருத்தியாவது வேறு விதமாகச் சொல்லமாட்டாளா என்று பார்த்தார்.

அம்மா சொன்னாள்: ‘அன்னிக்கு எழுதியிருந்தா கேஸ் நின்னிருக்கும் சார். இன்னிக்கு எழுதினா எங்க பொழப்புதான் போவும்.’

திட்டுகிற குரல் இல்லை. கடையில் சாமான் தீர்ந்துபோனது என்று சொல்கிற குரல். அவர் சரி என்று தலையசைத்தார். மீதிக் கட்டுகளை விடுதியில் கேழ்வரகு மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்தோம். எலி கடித்தது போக மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை. மனுக்கள் எழுதினார். நான் ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் மலையிலேயே இருந்தோம். அம்மா காலனியிலேயே இருந்து செத்தாள். எப்படியோ ஒரு பிரதி பட்டணத்துக்குப் போயிருக்கிறது. ஆராய்ச்சி செய்கிற ஒருவர் அதைக் கண்டுபிடித்து எழுத, கருத்தரங்குக்கு அழைத்தார்கள். நானும் போனேன். சொந்தச் சாதியையே எதிர்த்து எழுதிய துணிச்சல் என்று பேசினார்கள். இவர் ஏற்புரையில், ‘எழுத வேண்டிய நேரத்தில் நான் எழுதவில்லை’ என்றார். அதற்கும் கைத்தட்டினார்கள். எவ்வளவு அடக்கம் என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். அவர் அடக்கமாகப் பேசவில்லை, உண்மையைச் சொன்னார் என்று சொல்ல நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மிதிபட்ட நெஞ்சு கடைசிவரை அவரைத் தொந்தரவு செய்தது. போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில் மூச்சு முட்டி இறந்தார். எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. ஊர்ச் சுடுகாட்டுக்கு ஊர் ஒப்பவில்லை. வேதக்காரர் கல்லறையில் வைக்க அவர் ஞானஸ்நானம் வாங்கியவர் இல்லை. காலனிக்காரர்கள், இங்கே வைத்தால் தெருவில் என்ன நினைப்பார்களோ என்று இழுத்தார்கள். எல்லோருக்காகவும் எழுதினார் என்று அஞ்சலிக் குறிப்புகளில் போட்டார்கள். ஆறடி நிலம் கொடுக்க மட்டும் ஒருவரும் இல்லை. கடைசியில் இவரிடம் மனு எழுதி வாங்கிய மலைக்காரர் ஒருவர், தன் மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தைக் காட்டி, ‘இங்க வெச்சிக்கலாம், டீச்சர்’ என்றார்.

வக்கீல் வந்தார். இரண்டு தேர்தல் நின்று ஒன்றில் ஜெயித்து, இப்போது வயதாகிக் கைத்தடியோடு. உடம்பின் மேல் போர்த்தக் கட்சிக் கொடியைக் கொண்டுவந்திருந்தார். ‘எங்க மூல எழுத்தே இவருதான் டீச்சர்’ என்றார். அது உண்மைதான். கொடியை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவரோடு வந்திருந்த புகைப்படக்காரர்தான் ஏமாந்து போனார்.

சென்ற ஆண்டு ஒரு பதிப்பகம் அந்தப் புத்தகத்தை மறுபடி போடக் கேட்டது. அது எப்படியோ தெரிந்து, கொழுந்தன் மலைக்கு வந்தான். மூங்கில்போல நின்றவன் முதுகு வளைந்து போயிருந்தான். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். பெண் என்ஜினியரிங் படித்து வேலைக்குப் போகிறாள் என்றான். அண்ணன் வாங்கிக்கொடுத்த பங்கில்தான் சீட்டு கிடைத்தது என்றான். சந்தோஷம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

‘அதுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கறோம், அண்ணி.’ அப்படி என்னை அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ‘பெரிய எடம். படிச்சவங்க. புஸ்தகத்துல என் பேர மட்டும் எடுத்துடுங்க. மத்தபடி அப்படியே இருக்கட்டும். நான் செய்யலன்னு சொல்லல.’

‘அண்ணன் எழுதினத மாத்தறதுக்கு நான் யாரு?’ என்றேன்.

‘உங்களுக்கு இன்னுமா ஆறல?’

‘ஆறல’ என்றேன்.

அவன் மதிய பஸ்ஸுக்குப் போனான். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. புத்தகம் தம்பியின் பெயரோடு, நல்ல தாளில், அழகான அட்டையோடு வந்தது. பட்டணத்தில் வெளியீட்டு விழா நடத்தினார்கள். கொழுந்தனைப்போலவே நானும் பயந்துதான் இருந்தேன். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யாதவள்.

பயந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. தை மாதத்தில் கள்ளக்குறிச்சியில் பெரிய மண்டபத்தில் அவளுடைய கல்யாணம் நடந்தது. வக்கீல் தலைமை தாங்கினார். காலனியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுப் பந்தல் போட வைத்ததாகவும், அவர்களுக்கும் தனியாகப் பந்தி நடந்ததாகவும், சாப்பாடு நன்றாக இருந்ததாகவும் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.